லைட்டுக்காரியின் வானம்

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, சொட்டு மருந்தெல்லாம் போட்டு முடித்து, இனி தலைக்குக் குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அவள் முதலில் செய்த காரியம் மொட்டைமாடிக்கு ஏறியதுதான். நான் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் எனக்கு வேலை. வீடு திரேஸ்புரத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. கைப்பையைக்கூட வைக்கவில்லை, மேலேயிருந்து சத்தம் வந்தது.

"ஏளா, இங்கன வா."

போனேன். அம்மா மாடியின் நடுவில் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றாள்.

"ஆபரேசன் சரியில்லளா. ரெண்டு வெள்ளிக்கு மேல தெரியல."

எங்கள் பக்கத்தில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்லுவோம். நானும் அண்ணாந்து பார்த்தேன். வானம் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. உச்சியில் ஒன்று, கிழக்கே தள்ளி இன்னொன்று. அவ்வளவுதான். தெற்கே திரும்பினால் எதிர்த்தெரு ஐஸ் கம்பெனியின் தகரக் கூரையில் மாட்டியிருந்த ஃபோகஸ் லைட்டுகள் முகத்தில் அறைந்தன.

"எனக்கும் தெரியலம்மா" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? நாள் பூரா கம்ப்யூட்டரப் பாக்க. ஒனக்கும் பொறை வந்துருக்கும்."

கைப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்ததை அம்மா பல வருஷமாகக் கவனித்திருக்கிறாள். தன் கண்தான் மங்குகிறது என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் அதனால்தான். ஆஸ்பத்திரி என்றாலே பத்து சாக்குச் சொல்லுகிறவள், கண் என்றதும் முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்தாள். சீரியல் பார்ப்பதற்காக இருக்கும் என்று வீட்டில் கேலி செய்தோம்.

அம்மா மீன் வியாபாரி. வள்ளங்கள் கரையேறுகிற விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, டவுனுக்குள் கொண்டுபோய் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். இருட்டோடு எழுந்து கடற்கரைக்கு நடந்த அந்த வருஷங்களில் தலைக்கு மேலே அவ்வளவும் கிடந்தது. அதை வைத்து அவள் நேரம் பார்த்ததில்லை, திசை பார்த்ததில்லை. ஒரு தடவை கேட்டேன், வெள்ளியைப் பார்த்து என்னம்மா செய்வாய் என்று. "ஒண்ணும் செய்யமாட்டேன். பாக்கதுக்கு நல்லாருக்கும். சும்மா கெடைக்க ஒரு நல்ல சாமான் அது ஒண்ணுதான்" என்றாள்.

அதற்காக அவளை இருட்டுப் பிரியை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஏலக்கரைக்கு விளக்கு கொண்டுவந்ததே அவள்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அப்போது கரையில் ஒரு குண்டு பல்புகூடக் கிடையாது. மண்ணில் கிடக்கும் திருக்கை மீன் முள்ளை மிதித்துப் பெண்கள் நொண்டிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் அம்மாவின் கூட்டாளி ஒருத்தி நங்கூரக் கயிறு தடுக்கி விழுந்து கை ஒடிந்தாள். மறுநாள் யாரும் மீன் எடுக்கவில்லை. கரைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, ரோட்டை மறித்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தது அம்மா. ஜீப்பில் வந்த அதிகாரி, "யாரும்மா தலைவி?" என்று கேட்டபோது, "தலைவியெல்லாம் இல்லய்யா, ஒடைய இருக்கது என் காலும்தான்" என்றாளாம்.

உயரமான கம்பத்தில் விளக்கு வந்தது. முதன்முதலாக அது எரிந்த அன்று கரையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே நின்றாள். மணலில் எங்கள் இரண்டு பேர் நிழலும் அத்தனை தெளிவாக விழுந்தது. அதிலிருந்து ஊரில் அவளுக்கு லைட்டுக்காரி என்றே பெயர். என்னை லைட்டுக்காரி மகள் என்பார்கள். எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

மாடிக்கு ஏறிய அந்த நாளுக்கு அடுத்த வாரம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அங்கே நியாயம் கேட்க வந்தவளாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நாசரேத் பக்கத்துக்காரர், ரொம்பப் பொறுமை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அம்மா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, பலகைக்குக் கீழே அச்சடித்திருந்த கம்பெனி விலாசத்தையும் சேர்த்துப் படித்தாள்.

"உங்க வயசுக்கு இது பிரமாதமான பார்வைம்மா" என்றார் டாக்டர்.

"பின்ன ஏன் வெள்ளி தெரியல?"

டாக்டர் டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் இன்னொரு தடவை பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"கண்ணுக்கு நான் பொறுப்பும்மா. வானத்துக்கு நான் பொறுப்பு இல்ல."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "படிச்ச புள்ள, எப்படி மழுப்புதா பாரு."

டாக்டர் மழுப்பவில்லை என்று அவளுக்குப் புரிந்தது ஈஸ்டர் முடிந்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான். என் கணவரோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணம், ஓட்டப்பிடாரம் தாண்டி ஒரு கிராமத்தில். சாயங்கால வரவேற்பில் சாப்பிட்டுவிட்டுக் காரில் திரும்பினோம். வழியில் டயர் பஞ்சர். சுற்றிலும் கரிசல் காடு. ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. என் கணவர் ஸ்டெப்னியை எடுத்துப் போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார். அம்மா கால் மரத்துவிட்டது என்று கதவைத் திறந்து இறங்கினாள்.

இறங்கியவள் திரும்பி ஏறவே இல்லை. என்னமோ ஏதோ என்று நானும் இறங்கினேன்.

வானம் பூராவும் நட்சத்திரம். உப்பளத்தில் அள்ளுகிறபோது உப்பு சிந்துமே, அந்த மாதிரி ஒழுங்கில்லாமல், கணக்கில்லாமல். தெற்கே அடிவானத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு பட்டை படர்ந்திருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பால்வீதி என்று படம் பார்த்திருக்கிறேன். நேரில் எப்போது பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"எல்லாம் இங்கன வந்துலா கெடக்கு" என்றாள் அம்மா. பிறகு காரைத் திரும்பிப் பார்த்து, "மருமவனே, அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துங்க" என்றாள்.

அவர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "அமத்துனா போல்ட்டு தெரியாது மாமி."

"போல்ட்டு எங்கயும் போவாது. ஒரு நிமிசம் அமத்துங்க."

அணைத்துவிட்டு அவரும் எழுந்து வந்தார். மூன்று பேரும் ரோட்டோரம் கழுத்து வலிக்க நின்றோம். அம்மா தெற்கே கையை நீட்டினாள். நான்கு வெள்ளி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த சிலுவை மாதிரி. "குருசு" என்றாள். கடற்கரையில் நாங்கள் சிலுவையைக் குருசு என்றுதான் சொல்வோம். "என் கண்ணுல ஒரு கொறையுமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் குருசுக்கு இடப்பக்கம் கீழே அதைப் பார்த்தாள். அடிவானத்தில் ஒரு பெரிய வெளிச்சம், புகை மாதிரி மேலே எழும்பி நின்றது. அந்தப் பக்கம் மட்டும் ஒரு நட்சத்திரமும் இல்லை.

"அங்கன என்ன, தீயா?"

"அது நம்ம ஊரு மாமி" என்றார் என் கணவர்.

வீடு வந்து சேரும்வரை அம்மா ஜன்னல் வழியாக அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வெளிச்சத்துக்குள்தான் என் ஆபீஸ் இருக்கிறது. கப்பல் வந்து நின்று சரக்கு இறங்குவதற்குத்தான் அந்த விளக்குகள் எரிகின்றன. அது எரிவதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அம்மாவுக்கும் வரவில்லை. மறுநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்: "ஹார்பர் லைட்டு ஹார்பருக்கு வேணும். அது கெடக்கட்டும். நம்ம தெருவுல எவன் லைட்டு மேல பாத்து எரியுதுன்னு மொதல்ல பாப்போம்."

நான் மனு எழுதலாம் என்றேன். ஆபீஸ் புத்தி. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

முதலாளி அம்மாவை விட இளையவர். ஆனாலும் எங்கள் ஊரில் கடை, கம்பெனி என்று வைத்திருந்தால் அவர் அண்ணாச்சிதான். அவரும் அம்மாவை அக்கா என்பார். எத்தனையோ வருஷம் அவரிடம் ஐஸ் வாங்கியவள்.

"அண்ணாச்சி, ஒங்க கூரையில இருக்க லைட்டு எங்க போவுது?"

"எங்கயும் போவல அக்கா, அங்கனதான் இருக்கு."

"வெளிச்சம் எங்க போவுதுன்னு கேக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். நட்சத்திரம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, ராத்திரி லோடு ஏத்த லாரி வருது. கள்ளப் பயலுவ வேற ஐஸ் பெட்டியத் தூக்கிட்டுப் போறானுவ. லைட்டு இல்லாம எப்படி?"

"கள்ளன் வானத்துலருந்தா எறங்குதான்?"

கணக்கெழுதிக்கொண்டிருந்த பெண் குனிந்து சிரித்தாள். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மா விடவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவரைப் பிடித்தாள். "வீட்டுல கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் மாடிக்கு ஏற்றினாள். அவரைத் தெற்கே பார்த்து நிற்க வைத்துத் தானும் எதிரே நின்றாள்.

"என் மொகம் தெரியுதா?"

அவர் நெற்றியில் கையை வைத்து மறைத்துப் பார்த்தார். "கூசுதுக்கா. கருப்பா ஆளு நிக்கது தெரியுது, மொகம் தெரியல."

"இங்கன நிக்க என்னயே ஒங்களுக்குத் தெரியல. ஒங்க லைட்டுல கள்ளன் எங்கன தெரிவான்?"

அண்ணாச்சி சிறிது நேரம் தன் கம்பெனியைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். லைட்டுகள் கூரையிலிருந்து எங்கள் மாடியையும் வானத்தையும் பார்த்து எரிந்தன. கீழே லாரி நிற்கிற முற்றம் பாதி இருட்டு. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இத்தன நாள் மேல ஏறிப் பாக்கல அக்கா" என்று மட்டும் சொன்னார். குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து எல்லா லைட்டையும் தரையைப் பார்த்துக் குனிய வைத்தார். ஒவ்வொன்றுக்கும் மேலே தகரத்தை வளைத்துத் தொப்பி மாதிரி மாட்டினார். அன்றைக்கு லோடு ஏற்ற வந்தவர்கள், புதிதாக லைட் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்களாம். முற்றம் அவ்வளவு பளிச்சென்று ஆகியிருந்தது.

அதற்கடுத்து அம்மா கைவைத்தது தன் விளக்கிலேயே. ஏலக்கரையில் பழைய விளக்கை மாற்றிப் புது வெள்ளை விளக்குகள் போட்டு நாளாகியிருந்தது. அதில் பாதி வெளிச்சம் கடல் மேலேயும் வானத்திலேயும்தான் போனது. அதையும் குனிய வைக்கச் சொல்ல வேண்டும் என்று அம்மா கரையில் பேச்சைத் தொடங்கினாள். பெண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குக் கை ஒடிந்த அந்தக் கூட்டாளிதான் முதலில் கத்தினாள்.

"ஏளா, நீதான லைட்டு கொண்டாந்த? இப்ப நீயே அமத்தச் சொல்லுத? ஒனக்கு என்ன, வியாபாரத்த விட்டாச்சு. மக சம்பாதிக்கா, மாடியில நின்னு வெள்ளி எண்ணுவ. நாங்க முள்ளுல மிதிக்கணுமா?"

அம்மா முகம் சுருங்கிப்போனது. அவளை யாரும் அப்படி நிறுத்தி வைத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

"அமத்தச் சொன்னேனா? குனியத்தான சொல்லுதேன். லைட்டு யாருக்காக வந்துச்சு? நம்ம காலுக்காக. நம்ம காலப் பாக்காம அது எங்க பராக்குப் பாக்கு? நாளைக்கே ஒருத்தி முள்ளுல மிதிச்சான்னு சொல்லு, நானே வந்து பழையபடி நிமித்தச் சொல்லுதேன்."

கூட்டாளி கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போனாள். சம்மதம் என்று சொல்லவில்லை.

இந்தத் தடவை மனு நான் எழுதினேன். அம்மா பேசியதை அப்படியே ஒழுங்கான தமிழில் எழுதி, கரைப் பெண்களில் சம்மதித்தவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். விளக்குகளைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்தில் இருந்த பெண் எஞ்சினியர் அதை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "லைட் வேணும்னு வருவாங்க, லைட் எரியலன்னு வருவாங்க. லைட்டைக் குனிய வைங்கன்னு யாரும் வந்ததில்ல" என்றார். ஆட்கள் வந்தார்கள். கம்பத்தில் ஏறி, விளக்குகளைச் சாய்த்து, மேல்பக்கம் மூடி போட்டார்கள்.

அன்று சாயங்காலம் விளக்கு எரிகிற நேரத்துக்குக் கரையில் ஒரு கூட்டமே நின்றது. வெளிச்சம் வந்ததும் யாரும் மேலே பார்க்கவில்லை, எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள். அந்தக் கூட்டாளி கூடையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து மணலில் விட்டெறிந்தாள். நேரே நடந்துபோய்க் குனிந்து எடுத்து அம்மாவிடம் காட்டினாள்.

"நெத்திலியே தெரியுதுளா" என்றாள். பிறகு, "நீ லைட்டுக்காரிதான்" என்று சொல்லி அம்மா தோளில் ஒரு அடி வைத்தாள். கம்பெனியில் நான் வாங்கிய எந்தப் பாராட்டையும் அந்த அடிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

மே மாதக் கடைசியில், சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் பிந்தி, குருசு எங்கள் மாடிக்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். காற்றடித்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த ஒரு நாளில் அக்கம்பக்கத்தார் தங்கள் மாடி விளக்குகளைத் தாங்களே அணைத்துவிட்டு ஏறி நின்றார்கள். அண்ணாச்சி குடும்பத்தோடு எங்கள் மாடிக்கு வந்தார். நாங்கள் பார்த்தோம். துறைமுகத்து வெளிச்சம் அடியில் வெளிறிப்போய்க் கிடக்க, அதற்கு மேலே நான்கு வெள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்தில் பெரிதாக இரண்டு. உச்சியில் இன்னும் கொஞ்சம், முன்பு இல்லாதவை.

அந்த வெள்ளைப் பட்டை வரவில்லை. கரிசல் காட்டில் பார்த்ததில் நூற்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. அது எங்கள் தெருவுக்குத் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். சில நாட்களில் மாடியில் நின்று, "அந்தச் சின்ன வெள்ளியெல்லாம்தாம்ளா அழகு" என்பாள். அப்போது பக்கத்தில் நின்றுகொள்வேன்.

ஆனால் வந்தவை வந்தவைதான். அவற்றை யாரும் எங்களுக்குத் தரவில்லை. என் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டு வாங்கி வந்தாள்.

போன மாதம் ஆபீசில் ஒரு பயிற்சிக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த பெண்ணிடம், எங்கள் தெருவிலிருந்து தெற்குச் சிலுவை தெரியும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ஹார்பருக்கு இவ்வளவு பக்கத்திலா, வாய்ப்பே இல்லை என்றாள். சாயங்காலம் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இருட்டியதும் அம்மா அவளை மாடிக்கு ஏற்றி, சுக்குக் காப்பி கொடுத்து, தோளைப் பிடித்துத் தெற்கே திருப்பி நிறுத்தி, "நல்லா பாருளா, அவசரப்படாத, கண்ணு பழகணும்" என்றாள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு காப்பி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.